தொட்டிலுக்கு எதிரே யார் பெயர்

நாரின்,
பிப்ரவரி மாதம்.

அன்பு மகள் பெகிமாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் குளிருக்குத் தப்பி நலமாக இருக்கிறோம், அங்கே சியோலில் நீயும் மாப்பிள்ளை உலானும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் உள்ள அந்தக் குறிப்பில் நான் எதை எழுதினாலும் உன் மாமியார் பார்த்துவிடுகிறாள். அதனால்தான் அங்கே வேலைக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு நர்கிசாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தொட்டில் விருந்துக்கு வேண்டியதை மூன்று பேரும் சேர்ந்து எழுதலாம் என்று நீ அந்தக் குறிப்பைத் திறந்து வைத்தாயே, நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், ஆனால் என் நிம்மதி அன்றோடு போயிற்று. பிஷ்கெக் பட்டணத்தில் அவளுக்கு நெட் பறக்கிறது, இங்கே பனி கொட்டினால் எனக்கு நகரவே நகராது. நீ "அம்மா, மெத்த யார் தைக்கிறீங்க?" என்று கேட்பாய், நான் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் "நான் தைக்கிறேன்மா" என்று போட்டு, நீ அதற்கு ஒரு பூவும் வைத்திருப்பாய். அவளையும் அம்மா என்று கூப்பிடுவதுதான் நம் வழக்கம், நானும் என் மாமியாரை அப்படித்தான் கூப்பிட்டேன், இருந்தாலும் வயிறு எரிகிறது மகளே, என்ன செய்யட்டும். உன் பெயர் பச்சையிலும் அவள் பெயர் சிவப்பிலும் ஒரே வரியில் உரசிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குக் கிடைத்தது சாம்பல் நிறம், அதிலும் ஓரவஞ்சனை. அப்பாவோ, "என்னடி, பட்டியில ஓநாய் பூந்த மாதிரி போனையே மொறைச்சுக்கிட்டு இருக்க?" என்று கேலி செய்கிறார்.

போன வாரம் நீ வேலையில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தொட்டில் என்ற வரிக்கு எதிரே ராகிமா என்று அவள் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்து உட்கார்ந்தது. பெயர் வைப்பது அவர்கள் வீட்டார், பிள்ளை வளரப்போவதும் அவர்கள் வீட்டுப் பிள்ளையாக, தலைப்பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவரும் உரிமை ஒன்றுதான் பெண்ணைப் பெற்றவளுக்கு. அதையும் எடுத்துக்கொண்டால் நான் விருந்துக்கு வந்து என்ன செய்வது, கையை வீசிக்கொண்டு நிற்பதா? வந்த ஆத்திரத்தில், "பட்டணத்துக்காரி எம் பொண்ணப் புடிச்சா, இப்ப பேரப்புள்ளையையும் புடிக்கப் பாக்குறா" என்று தட்டினேன். மனசு ஆறியதும் அழித்துவிட்டேன். அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினால்தானே போகும் என்று இருந்தேன். அந்தக் குறிப்பில் அப்படியொரு பொத்தானே கிடையாதாம், நான் தட்டத் தட்ட அவள் கண்ணெதிரே போயிருக்கிறது.

எப்படித் தெரியும் என்கிறாயா? மறுநாளே டோலோன் கணவாயைப் பனியோடு தாண்டி, நாலு பேரோடு டாக்ஸியில் நெருக்கியடித்துக்கொண்டு அவளே வந்து இறங்கினாள். கையில் ரொட்டி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் தேநீரைக்கூடத் தொடாமல், "சம்பந்தியம்மா, நீங்க எழுதினதையும் பாத்தேன், அழிச்சதையும் பாத்தேன். உலான் பொறந்தப்ப எங்கம்மா உசுரோட இல்ல, தொட்டில் கொண்டார யாருமில்ல. எரவல் தொட்டில்லதான் அவனப் போட்டு ஆட்டினேன். ஒரு தடவையாவது நம்ம கையால ஒண்ணு வாங்கி வெக்கணும்னு ஆச வந்துருச்சு, ஒங்க உரிமைங்கறதே தோணல" என்றாள். போனை எடுத்து என் கண்ணெதிரே தன் பெயரை அழித்தாள். அவளுடைய ரொட்டியையே பிட்டு அவளுக்குக் கொடுத்தேன். அப்பா வேறு வெட்கமில்லாமல், அப்படி ஒரு ரொட்டியைத் தின்றதே இல்லை என்கிறார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கணவாய் தாண்டி வந்திருக்க மாட்டேன், அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. இனி அவளைத் திட்டவும் வழியில்லாமல் போய்விட்டது.

விருந்து மெத்தையை அவளே தைக்கட்டும், என்னைவிட நன்றாகத் தைப்பாள். நீ கனமான எதையும் தூக்காதே, கம்பளிக் காலுறை போடாமல் தரையில் கால் வைக்காதே, மாப்பிள்ளையைச் சமைக்கச் சொல். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, வாழ்வு நீண்டு, உன் வீட்டுக் கதவு விருந்தாளிகளுக்கு எப்போதும் திறந்திருக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. தொட்டில் வரி இன்னும் காலியாகக் கிடக்கிறது. நான் எழுதவில்லை, உன் கையால் நீ எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத் தேநீருக்குக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சலிமா என்று என் பெயரைப் போடாதே, அம்மா என்று போடு. அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த அம்மா என்று அவள் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா