சாமுராய் விளையாட்டில் நான் சாகவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு, சித்ராவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஞாயிறன்று ஹாஸ்டல் தோழி கிருத்திகா எங்களைப் பெருமாட்டியிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போய், சாமுராய் வீடியோ கேம் காட்டினாள். எல்லோரும் திரையில் வாளை வீசிக்கொண்டே ஓடி, தங்கள் சாமுராய் வீரனுக்கு மூச்சு தீர்ந்து, முதல் அரக்கனிடமே செத்தார்கள்.

"ஏ மலைக்காரி, நீயாச்சும் உசுரோட வருவியா?" என்று சிரித்தாள் கிருத்திகா.

நம் தேயிலைக்காட்டில் காட்டெருமை வந்தால் செய்வதையே செய்தேன். முதலில் பின்வாங்க வழி பார்த்தேன். அரக்கன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கவனித்தேன். ஒரு வெட்டு வெட்டியதும் விலகி, ஓடுவதற்கு மூச்சை மிச்சம் வைத்தேன். கடைசியில் அரக்கன் விழுந்தான்.

"ஏனுங்க டீச்சரம்மா, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள் கிருத்திகா. இப்போது எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள், அம்மா.

நம் பீர்மேட்டிலிருந்து யாராவது வந்தால் உங்கள் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிரே இல்லை, தலைமாட்டில் வைத்துக்கொள்ளத்தான். படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் சித்ரா