கேட்டது அவளா, நானா?

ஜூன் 4
இன்று ஊஞ்சலில் வாலு நாலு தரம் ‘இன்னும்’ கேட்டாள். கண்ணும் தெரியாத, காதும் கேட்காத ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கைதான் வாய், சைகைதான் பேச்சு. அந்தக் கையைப் பிடிச்சு சைகை போட வச்சு, உதவியாளா மூணு வருஷமா வகுப்பில் ஒட்டிக்கிட்டிருக்கேன். டீச்சர் பார்த்துட்டு, ‘கேட்டது அவளா, நீங்களா? மணிக்கட்டைப் பிடிச்சிருந்தது நீங்கதானே?’ன்னாங்க. சுருக்குன்னு இருந்தது.

இருபதாம் தேதி மதிப்பீடு. அவளுக்குச் சொந்தமா ஒரு வார்த்தைகூட வரலேன்னா படிப்பு போதும்னு வகுப்பை விட்டு எடுத்துடுவாங்க.

ஜூன் 5
அவ சொன்னதையெல்லாம் நான் எழுதி வச்ச பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். ‘இன்னும்.’ ‘தண்ணி.’ ‘நன்றி.’ நன்றியாம்! எந்தப் பிள்ளை இவ்வளவு தங்கமா இருக்கும்? எல்லாம் நான் பேசினதோ?

ஜூன் 7
இனி அவ கையைப் பிடிக்கறதில்லை. என் கை கீழே, அவ கை மேலே. இஷ்டமிருந்தா வைக்கட்டும், இல்லேன்னா எடுக்கட்டும். ஊஞ்சலை நிறுத்திட்டு, ‘இன்னும்’ கேட்பாளான்னு அறுபது எண்ணினேன். அசையலை.

ஜூன் 12
ஒண்ணும் இல்லை.

ஜூன் 14
அவ அம்மா வாசல்ல மடக்கினாங்க. ‘என்னக்கா, பேசிக்கிட்டிருந்த பிள்ளை வாயை அடைச்சுட்டீங்க?’ பேசினதே நான்தாம்மான்னு எந்த வாயால சொல்ல?

வீட்டுக்காரர் கேட்கறார், ‘சாப்பிடறப்ப என்னத்த எண்ணிக்கிட்டிருக்க?’

ஜூன் 19
நாளைக்கு. கையைப் பிடிச்சுச் சொல்ல வச்சா யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன, பிள்ளை வகுப்பில் இருப்பாளே — சீ, என்ன புத்தி இது.

ஜூன் 20
மதிப்பிட வந்த அம்மா பேனாவோடு ஓரமா உட்கார்ந்தாங்க. ஊஞ்சலை நிறுத்தினேன். நாற்பது. ஐம்பது. அவங்க கடிகாரத்தைப் பார்த்தாங்க. என்னால முடியலை. வாலுவோட மணிக்கட்டைப் பிடிச்சு ‘இன்னும்’ போட வச்சுட்டேன், வெட்கமே இல்லாம.

வெடுக்குன்னு உருவிக்கிட்டா. என் கையைத் தேடிப் பிடிச்சா. உள்ளங்கையை விரிச்சு, அதுமேல ரெண்டு தரம் துடைச்சுத் தள்ளினா. ‘வேண்டாம்.’ கண்டதையும் வாயில வைக்கறப்ப நான் அவளுக்குச் சொல்றது. அவ யாருக்கும் சொன்னதில்லை. சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

‘இதுவும் நீங்க சொல்ல வச்சதா?’ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

‘நான் சொல்ல வச்சதைத்தான் வேண்டாம்னுட்டாளே’ன்னேன். முகமெல்லாம் சூடு. அவங்க ரொம்ப நேரம் எழுதினாங்க.

ஜூன் 27
வகுப்பில்தான் இருக்கிறாள். காலையிலிருந்து ஏழு ‘வேண்டாம்’. தண்ணி வேண்டாம், ஷூ வேண்டாம், மணி கோர்க்க வேண்டாம். கடைசியில் நானே வேண்டாம். சரின்னு அவ கையில் சொல்லிட்டு, ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.