பன்னிரண்டு சதவீதம்

மார்ச் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். போன் செய்தால் எடுத்தவுடன் பாப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மோட்டார்களைக் கணக்குப் போடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து புது வசதிகள். பாதி எனக்குத் தேவைப்படாது, கண் வலிதான் மிச்சம். ஒன்று மட்டும் என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது. கணக்குக்காக மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம் இல்லையா? இதுவரை எல்லாக் கட்டத்துக்கும் ஒரே சூடு, ஒரே பலம் என்றே அது எடுத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு கட்டமும் தான் பட்ட சூட்டையும் இழந்த பலத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆறினாலும் இழந்தது திரும்புவதில்லை.

நம் கம்பெனி லிப்ட் மோட்டாரை அதில் போட்டுப் பார்த்தேன். காந்தங்களின் ஓரங்கள் செத்துப்போகின்றன. மொத்தத்தில் பதினொன்றரை சதவீதம் பலம் குறைகிறது. அன்று பழைய பதிப்பு குறைவே இல்லை என்றது. நீ அளந்து சொன்னது பன்னிரண்டு.

நீ சொன்னதுதான் சரி. மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

மார்ச் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. எனக்கு இடுப்பு வலி. வேறு விசேஷம் இல்லை.

மென்பொருள் தேறிவிட்டது, சந்தோஷம். அதன்மேல் எனக்கு என்றைக்குக் கோபம் இருந்தது? அதற்குத் தெரியாததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு என்னைத் தெரியுமே. அந்த மோட்டாரை மூன்று தடவை சூடாக்கி, ஆறவைத்து, சுழற்றி அளந்தேன். மூன்றாவது தடவை நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். மறுநாள் கூட்டத்தில் மேனேஜர், "கணக்கை நம்பறதா, அளந்ததை நம்பறதா?" என்று கேட்டார். "கணக்கு தப்பாது சார். அளந்தவங்க கைதான் எங்கயோ பிசகியிருக்கும்" என்றீர்கள். அளந்தவங்க! பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் பரிசோதனைக் கூடத்தில் நான் எழுதிய எந்த எண்ணையும் ஒருத்தரும் நம்பவில்லை. வேலையை விட்டது அதனால்தான். வீட்டை விட்டதும் அதனால்தான்.

போகட்டும். அந்த மோட்டார்கள் இன்னும் எத்தனை லிப்டில் ஓடுகின்றன? இதை என்னைத் தவிர யாரிடம் சொன்னீர்கள்?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

மார்ச் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

நூற்று நாற்பது லிப்ட். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மாவே இருந்தேன். மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மோட்டார் சரியா இருக்குன்னு அன்னிக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா கிளறறே? இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆள் நிறைஞ்சு மேல போறப்போ மோட்டார் திணறும் சார். கரண்ட் அதிகமா இழுக்கும், இன்னும் சூடாகும், இன்னும் பலம் போகும். ஒருநாள் நடுவுல நின்னுடும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அளந்தவர் சரியாகவே அளந்தார், மறுத்தவன் நான் என்று உன் பெயரையும் என் பெயரையும் போட்டே எழுதினேன். ஏற்றும் ஆட்களைக் குறைக்கச் சொல்லி எல்லா லிப்டுக்கும் உத்தரவு போயிருக்கிறது. மோட்டார்களை மாற்றப்போகிறார்கள். என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்கத் திருகாணி எண்ணுகிறேன். அலுப்பாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

லிப்டுகளிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் மோட்டார்களை அளந்து தரச்சொல்லிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். உங்கள் மேனேஜர் வார்த்தைக்கு வார்த்தை "மேடம்" போடுகிறார். ஒரு மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்காதது நல்லதாயிற்று. முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லவும் இப்போது தெம்பில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன், சரி என்றுவிட்டார்கள். ஒவ்வொரு மோட்டாரையும் அளக்கும்போது ஸ்டோரிலிருந்து நீங்கள் வந்து நிற்க வேண்டும். மீட்டரைப் பார்த்து நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா