பெட்டிக்குள் பதினெட்டுப் பேர்

1982 மார்ச் 13, சனி

இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்று துறைமுகத்தடி மண்டபத்தில் காட்டினேன். கொம்பியூட்டருக்கு எங்கே போவது? சப்பாத்துப் பெட்டி ஒன்றில் அட்டைகள்தான். வகுப்பிலுள்ள பதினெட்டுப் பேரில் ஒருவரை மனதில் நினைக்க வேண்டும். அட்டைகள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு அவர் பெயரைச் சொல்லும். சொன்ன பெயர் பிழையென்றால், நினைத்தவர் புதுக் கேள்வி ஒன்றை எழுதிப் பெட்டியில் சேர்க்க வேண்டும். எல்லாருமாகச் சேர்ந்தே அதற்குப் படிப்பித்தோம்.

முதலில் கண்ணாடி, மீசை என்றுதான் எழுதினார்கள். கேள்வி குறையக் குறையத்தான் கெட்டித்தனம் என்று நான் உசுப்பிவிட்டேன். மத்தியானத்துக்குள் ஒருத்தி ரவீந்திரனை இரண்டே கேள்வியில் பிடிக்க வைத்தாள். ஊர் சாம்பல்தீவா? அண்ணன் இயக்கத்துக்கென்று வீட்டை விட்டுப் போனவரா?

எல்லாரும் கைதட்டினோம். ரவீந்திரன் தட்டவில்லை.

"சேர், அந்த அட்டையை எடுத்துப்போடுங்கோ."

"வகுப்புக்குள்ளதானே தம்பி. கிடக்கட்டும்."

பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மேசையில் பெட்டி இல்லை. காவலாளியைக் கேட்டேன்.

"ஆமி ஜீப்பில வந்த ஒராள் கொண்டு போனவர் சேர். வகுப்பு நல்லா நடக்குது எண்டு சிரிச்சவர்."

"ஆரெண்டு கேட்கேல்லையோ?"

"அவையிட்டக் கேட்க ஏலுமோ சேர்?"

ரவீந்திரன் நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். பெட்டி போனது அவனுக்கு இன்னும் தெரியாது.

பெட்டியைப் பாவிக்கும் முறையை மூடியில் எழுதி ஒட்டியவன் நான். எவருக்கும் விளங்க வேண்டும் என்று, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும்.