மிளகு சோதனைக்குப் போன நாள்

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. உங்கள் நாய் மிளகு நல்ல சுகம். இதை எழுதும்போது வெஸ்ட்லியில் எங்கள் எட்டாம் மாடி வீட்டில், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு என் காலடியில் படுத்திருக்கிறான். அவன் சுகத்தை முதலில் சொன்னால்தான் மிச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். கிழமை நாளில் லோறென்ஸ்கூக்கில் பஸ் ஓட்டி, லீவு நாளில் காரில் அடிபட்டுக் காட்டுக்குள் ஓடிய மானைத் தேடித் திரிந்த யாழ்ப்பாணத்தான் இந்தக் குளிர் நாட்டில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். அந்தத் தேடல் குழுவின் தலைவர் ஷெல், உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். வாழையிலைக்கு முன்னால் கரண்டி கேட்காமல் கையால் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"மிளகை வடக்கே இருக்கும் ஒரு வேட்டைக்காரரிடம் கொடுக்கச் சொல்லித்தான் உங்கள் அண்ணன் கேட்டார். தங்கச்சியிடம் விட்டால் வாயில் ஊட்டி ஊட்டி, சோறு தீத்தியே கெடுத்துப்போடுவாள் என்றார்."

ஆஸ்பத்திரியில் நான் தினமும் சூப் கொண்டுவந்து உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த இடத்திலேயே ஷெல்லிடம், நாய் இங்கேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர், வேலைக்குப் பிறந்த நாயைச் சோபாவில் படுக்கவிட்டால் அது கெட்டுப்போகும், ஜூன் மாதம் இரத்தத் தடம் பிடிக்கும் சோதனை வருகிறது, கயிற்றை நீங்களே பிடித்து அவன் பாஸ் பண்ணினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வடக்கே போகத்தான் வேண்டும் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

நல்ல டெரியர் என்றால் என்ன என்று நீங்கள் போனில் மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறீர்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கறி சமைத்திருக்கிறேன். காதில் விழுந்த அரைகுறையை வைத்துத்தான் தொடங்கினேன். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் முட்டவேண்டும், அப்போதுதான் நரி வளைக்குள் போய்வரும் உடம்பு என்று சொன்னீர்கள். குளிக்க வார்க்கும்போது பிடித்துப் பார்த்தேன், முட்டியது. தோல் தடிப்பாகவும் தொளதொளவென்றும் இருக்கவேண்டும் என்றீர்கள். அதுவும் சரி. வீட்டில் இருக்கிறதே தெரியக்கூடாது என்றீர்களே, அதில்மட்டும் அவன் உங்களைப் போலத்தான். சாப்பாட்டு மணம் வந்தால் வீடு முழுக்கத் தெரியும்.

பயிற்சிக்கு வேண்டிய மான் இரத்தத்தை ஷெல் போத்தலில் அடைத்துத் தந்தார். அதைப் பிறீசரில் மீனுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மனுசன் ஐஸ்கிரீம் தேடப் போய் அதை எடுத்துவிட்டார்.

"என்னப்பா இது? பீட்ரூட் சாறோ?"

"மான் ரத்தம்."

இவர் போத்தலைக் கையில் வைத்தபடி சாமிப்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விரத நாளிலை எனக்கு இதைக் காட்டிப்போட்டியே! கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். அடுத்த நாள் காட்டில் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, மரத்துக்கு மரம் சொட்டுச்சொட்டாக விட்டவரும் இவர்தான்.

சோதனை நாள் விடிந்தது. நான் செய்த வேலையைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டில் சோதனைக்குப் போகிற ஆளை வெறும் வயிற்றோடு நான் அனுப்பியதுண்டா? உங்கள் பஸ் லைசன்ஸ் சோதனைக்கே இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தவள் நான். மிளகுக்குப் புட்டு அவித்து, முள் எடுத்த மீனைப் போட்டுப் பிசைந்து, வயிறு முட்டக் கொடுத்தேன். கோப்பையை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது, கொடுத்தேன்.

நடுவர் ஒரு மெலிந்த பெண், கையில் குறிப்பெழுதும் கொப்பி. முதல் நாளே இரத்தம் சொட்டவிட்டு, கடைசியில் ஒரு மான் காலை வைத்திருந்தார்கள். அதை நாங்கள் கண்டுபிடிக்கவேண்டும். மிளகு மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் தொடங்கினான். ஒரு பெரிய பாறையைத் தாண்டியதும் சட்டென்று நின்றான். கயிற்றை இழுத்தேன். குந்திவிட்டான். வயிறு உண்டியல் மாதிரி இருந்தது.

"காலையில் என்ன சாப்பிட்டான்?" என்று பின்னால் வந்த ஷெல் கேட்டார்.

"புட்டு" என்றேன். ஷெல் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணா சொன்னபடியே நடந்துவிட்டது, தீத்தியே கெடுத்துப்போட்டேன், இவன் இனி வடக்கே போகப்போகிறான் என்று அழுகை வந்தது. "எழும்படா ராசா, எழும்பு" என்று கெஞ்சி இன்னும் இழுத்தேன். அவன் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். உங்களுக்குக் கோபம் வரும்போது பார்க்கிற அதே பார்வை. கடைசியில் நானும் பாசியில் அப்படியே குந்திவிட்டேன். கயிறு கையிலிருந்து தளர்ந்தது.

கயிறு தளர்ந்ததுதான் தாமதம், மிளகு எழுந்தான். பாறைக்குத் திரும்பிப் போனான். மூக்கை ஒருமுறை உதறிவிட்டு, இடது பக்கமாகச் சதுப்புக்குள் இறங்கினான். நான் விழுந்தடித்துப் பின்னால் ஓடினேன். சப்பாத்துக்குள் தண்ணீர் போனது. வழியில் ஒருதரம் நின்று கொஞ்சம் புட்டை வெளியே தள்ளினான், பிறகு நடந்தான். அந்த மான் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நடுவர் கொப்பியில் எழுதிவிட்டுச் சொன்னார்: "தடம் அந்தப் பாறையில்தான் திரும்புகிறது. நீங்கள் பிழையான பக்கம் இழுத்தீர்கள். அவன் வர மறுத்தான். இப்படிப்பட்ட நாயைத்தான் நாங்கள் தேடுகிறோம். அவன் பாஸ்."

அண்ணா, நான் புட்டின்மேல் பழிபோட்டுக்கொண்டு இருந்தேன். பிழை என் கையில் இருந்திருக்கிறது. சொன்னதெல்லாம் கேட்கிற நாய்தான் நல்ல நாய் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். வேலை தெரிந்த டெரியர் எசமானுக்கே மாட்டேன் என்று சொல்லும், சொல்லிவிட்டுக் கோபிக்காமல் வேலையை முடித்தும் கொடுக்கும். போனில் இதையும் சொல்லியிருப்பீர்கள், எனக்குத்தான் கேட்டிருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஷெல் கூப்பிட்டார். காரில் அடிபட்ட மான் ஒன்று காட்டுக்குள் போயிருந்தது. பாதி வழியில் வேறொரு மான், சுகமான மான், எங்களுக்கு முன்னாலேயே நின்றது. மிளகின் உடம்பெல்லாம் நடுங்கியது. நான் வாயே திறக்கவில்லை, கயிற்றையும் இழுக்கவில்லை. அவன் மூக்கைத் திரும்பவும் நிலத்தில் வைத்துப் பழைய தடத்திலேயே போனான். ஒரு மரத்தடியில் கால் முறிந்து கிடந்த அந்த அடிபட்ட மானைக் கண்டுபிடித்தான். ஷெல் துப்பாக்கியை எடுத்தபோது நான் மிளகின் கண்ணைப் பொத்தினேன். அவன் பயப்படவில்லை, பயந்தது நான்தான். ஒரே வெடி. நாங்கள் போயிராவிட்டால் அது எத்தனை நாள் அங்கேயே கிடந்து வதைபட்டிருக்கும்?

இதற்காகத்தானா லீவு நாளெல்லாம் போனீர்கள்? சின்னப் பெடியள் விளையாட்டு என்று உங்களை நக்கலடித்தேனே, அதற்கு மன்னியுங்கள். திரும்பி வரும்போது ஐந்தாம் இலக்க ரயிலில் மிளகு என் மடியில் நித்திரை கொண்டான். உடம்பெல்லாம் சேறு. ஒரு கிழவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு வந்ததில்லை.

ஷெல்லிடம் நீங்கள் சொன்னது பாதி சரி, பாதி பிழை. அதனால் ஒரு வாக்குத் தருகிறேன்: வேலைக்கு முன் மிளகுக்குப் புட்டுக் கொடுக்கமாட்டேன். வேலை முடிந்து வந்ததும் கொடுப்பேன், மீனும் போட்டுத்தான் கொடுப்பேன். தடுப்பதானால் நீங்களே வந்து தடுங்கள். கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன்.

இன்னும் தீத்திக் கெடுத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சி வதனி