ஏலத்தில் போன பெயர்

நைனா,

போன வாரம் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அப்போதுதான் வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தார்கள். எலுமிச்சையும் ஆசிடும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுவிய அம்மா பச்சை பாட்டிலை என் பெஞ்சு ஓரமாக வைத்துவிட்டுப் பக்கெட்டோடு போய்விட்டார். பாட்டிலில் வெள்ளை எழுத்தில் 'பூவிழி'. அதற்குக் கீழே சின்னதாக, கக்கூஸ் கழுவும் மருந்து என்று போட்டிருந்தது. பாப்பா மடியிலிருந்து சரிந்து அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவசரத்தில் நான் அதைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. அக்கா பேரை அல்லவா காலால் தள்ளியிருக்கிறேன்.

அன்றிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலவே இருக்கிறது. உனக்குச் சொல்லாத சேதி ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

அக்கா போனபோது நான் கைக்குழந்தை. மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோனதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்த அக்கா, ஊறுகாய் பாட்டிலில் இருந்த அக்காதான். அம்மா எறா ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்தபோது, அக்காவின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக்கொண்டு நீ பொன்னேரி ஆர்ட்டிஸ்டிடம் போனாயாம். இரட்டைப் பின்னல், பெரிய கண், லேசாகத் திறந்த வாய். அவர் அப்படியே வரைந்து கொடுத்தார். கீழே 'பூவிழி எறா ஊறுகாய், பழவேற்காடு.' ஞாயிற்றுக்கிழமை ஏரியைப் பார்க்க வருகிற மெட்ராஸ்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கேட்டு வாங்கிப் போனார்கள். விடிகாலையில் நீ வலையோடு ஏரிக்குப் போவாய். நீ கொண்டுவரும் எறாவை அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் குந்தி உரிப்பார்கள். வீடு முழுக்கக் காய்கிற பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அக்கா. நான் அவளைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். ஒரு கட்டத்தில் அவளைவிடப் பெரியவளாகவும் ஆகிவிட்டேன்.

சென்னையில் வரிசையாகக் கடை வைத்திருந்த அந்தக் கம்பெனிக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்த நாளில் நானும் இருந்தேன். ஊறுகாயை நாமே போட்டுக் கொடுக்கலாம், பேரையும் படத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியிலேயே வரவில்லை. அவர்கள் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எறாவ குடு, மசாலாவ குடு, வேணான்னு சொல்லல. அவ பேர எழுதிக் குடுத்துட்டு இன்னாத்த வச்சினு இருக்கப்போற?"

நீ கோபப்படவில்லை. "அவ இந்த ஏரியத் தாண்டிப் போனதே இல்ல. ஊரெல்லாம் போய்ப் பாக்கட்டுமே" என்றாய்.

நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். பேராசை என்று ஊரில் சிலர் பேசினார்கள். எனக்குத் தெரியும், நைனா. உனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவள் அக்காவின் பேரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'பெரியவ' என்பாள், அவ்வளவுதான்.

அக்காவின் பாட்டிலைத் தேடிப் பார்க்க நீ என்னை அந்தக் கம்பெனியின் அண்ணா நகர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது மறக்காது. ஏசிக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாகத் தேடினோம். கடைசியில் நீதான் கண்டுபிடித்தாய். படத்தை மாற்றியிருந்தார்கள். இரட்டைப் பின்னல் போய் ஒற்றைச் சடை. தாவணி, காதில் ஜிமிக்கி. ஆனால் கண்ணும் வாயும் அதேதான். யாரோ முகம் தெரியாத ஆள், அந்தப் பழைய படத்தை வைத்துக்கொண்டு அவளைப் பெரியவளாக வரைந்திருந்தார்.

நீ பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாய். கடைப் பெண் வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. எம் பொண்ணு. எவ்ளோ வளந்துட்டா பாரு" என்றாய்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நீ சொன்னது என்னைத்தான் என்று நினைத்திருப்பாள்.

சந்தோஷம் என்று நினைத்தால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அந்தக் கம்பெனியை வடக்கே இருந்து இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. ஊறுகாய் வேறெங்கோ போடப்பட்டது. நம் வீட்டில் எறா உரித்த பெண்கள் வேலை இல்லாமல் மறுபடி மீன் கூடையைத் தூக்கினார்கள். "ருசி மாறிப்போச்சு" என்று ஊரில் சொன்னபோதுகூட, "அவ நல்லாத்தானே இருக்கா" என்றாய். அப்புறம் அந்தப் பெரிய கம்பெனியும் திவாலானது. அண்ணா நகர்க் கடையின் ஷட்டரில் அரக்குச் சீல் வைத்திருப்பதை டிவியில் காட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய்.

"உள்ள எவ்ளோ பாட்டில் இருக்கும்?" என்றாய்.

கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போட ஓர் அதிகாரியை நியமித்திருந்தார்கள். அவரைப் பார்க்க நாம் இரண்டு பேரும் போனோம். நீ சட்டைப் பையில் அக்காவின் படத்தை வைத்திருந்தாய். அவர் கெட்டவர் இல்லை. நம்மை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கம்பெனி எழுந்திரிக்காதுங்க. கட்டடம், ஃப்ரீசர், லாரி, எல்லாத்தையும் மாதிரி பேரும் ஒரு சொத்து. அதை நான் யாருக்கும் சும்மா குடுக்க முடியாது. ஏலம் வரும். நீங்களும் கேக்கலாம்."

நீ மெதுவாகச் சொன்னாய். "சார், நான் பொழுது விடிஞ்சா ஏலத்துல நிக்கிறவன். எறாவும் நண்டும் கூறு போட்டு வெப்பாங்க, கேப்போம். அது செத்த பொருளு. எம் பொண்ணு பேர நான் எப்டி சார் ஏலத்துல கேப்பேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். படத்தை இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினார்.

பேரை ஏலத்தில் யார் எடுத்தார்கள் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டுமில்லாமல் சோப்பு, பினாயில் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பேரைக் கம்பெனிக்காரர்கள் முன்பே பதிந்து வைத்திருந்தார்களாம். வாங்கினவனுக்கு அது வசதியாகப் போய்விட்டது. முகம் அவனுக்குத் தேவைப்படவில்லை. பேர் போதும், ஜனங்களுக்குப் பழகின பேர்.

பச்சை பாட்டிலை நம் தெருக் கடையில் முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்தாய். மறுநாள் காலையில் கரைக்குப் போய் எறா எடுத்து வந்தாய். நீயே உரித்தாய். பழைய லேபிளை அச்சடித்து வந்து பாட்டிலில் ஒட்டினாய். "அவள திரும்ப வூட்டுக்குக் கூட்டினு வந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னாய். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. டை கட்டிய ஒருவன் வந்து, இந்தப் பேரில் எதையும் விற்றால் கேஸ் போடுவோம் என்று கடைக்காரர்களை மிரட்டிவிட்டுப் போனான். எல்லாரும் பாட்டில்களைத் திருப்பிக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்தார்கள். யாராலும் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் அண்டாத் தண்ணீரில் பாட்டில்களை ஊறப்போட்டு லேபிளை உரித்தோம். நான் நகத்தால் சுரண்டினேன். "கிழிக்காதம்மா, மெதுவா" என்றாய். ஊறி வந்த ஒவ்வொரு முகத்தையும் உள்ளங்கையில் ஏந்தி, வெயிலில் விரித்த துணியில் வைத்தாய். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட உனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நீ படுத்தாய். டாக்டர் ஈரல் என்றார். நான் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. ஒரு சாயங்காலம் கஞ்சி கொடுக்க வந்தபோது, பெண் பிறந்தால் அக்கா பேரை வைக்கட்டுமா என்று கேட்டேன். உனக்குத் தெம்பு வரும் என்றுதான் கேட்டேன்.

நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். "வேணாம்மா. அந்தப் பேரு இப்ப நம்மளுது இல்ல. கக்கூஸ் கழுவுற பேரு. கொழந்த தலையில அத வெக்காத."

அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. பேச நாளும் இல்லாமல் நீ போய்விட்டாய்.

நான் சொல்லாத சேதி இதுதான், நைனா. பாப்பா பிறந்தாள். தொட்டிலில் போட்ட அன்று, என்ன பேர் என்று எல்லாரும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பேர் யோசித்து வைத்திருந்தார், நல்ல பேர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. உன் பேச்சு காதில் நின்றது. அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக் குனிந்து, குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னாள். முதல் தரம் குரலே எழவில்லை. மூன்றாம் தரம் எல்லாருக்கும் கேட்டது.

"பூவிழி."

யாரோ ஒரு பொம்பளை, "அந்த பாட்டில் பேராச்சே?" என்றாள். அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "எம் பொண்ணு பேரு" என்றாள்.

நீ வேண்டாம் என்றாய். அம்மா வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. ஆனால் மனசு நிம்மதியாக இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் இவள் பள்ளிக்கூடம் போவாள். யாராவது சிரிப்பார்கள். அழுதுகொண்டு வந்து என்னைக் கேட்பாள். உன்னைப் போலப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வருமா, அம்மாவைப் போல நிமிர்ந்து நிற்க வருமா, தெரியவில்லை. இப்போதைக்கு, தெருவில் எத்தனை பேர் இருந்தாலும் அவளை முழுப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் சத்தமாகவே.