ஹனோவருக்கு முன்னால்

பீலெஃபெல்ட்
செவ்வாய்க்கிழமை பின்னேரம்

அன்புள்ள அத்தானுக்கு,

சுஜானி எழுதுகிறேன். நானும் ஆரணியும் சுகம். உங்கள் தொண்டை அடைப்பு இப்போது மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பெட்டியின் பக்கப் பையில் வைத்தேன், கண்டீர்களோ தெரியாது.

இந்தக் கடிதத்தை நிசாந் உங்கள் கையில் தருவான். நாளைக் காலை பஸ்ஸில் பேர்லின் வருகிறான். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பைப் பாராளுமன்ற மேல் மாடத்தில் இருந்து பார்க்க உங்கள் அலுவலகம் அவனுக்கு அனுமதி எடுத்துக் கொடுத்ததாமே. பேக்கரியில் லீவு கேட்டு, புதுச் சேர்ட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறான். தேனுஜா மன்னாரில் இருந்து அனுப்பிய வீடியோவை இன்றைக்கும் காட்டினான். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. அப்பா எங்கே என்று கேட்டால் போனைத்தான் கை காட்டுகிறதாம். “அக்கா, ஒரு வோட்டாலதான் வெல்லுவம் எண்டு அண்ணை சொன்னவர். அந்த ஒரு வோட் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தான். மனைவியின் விசாவுக்கு மூன்றாம் வருடமாகக் காத்திருக்கிறவன் எப்படித்தான் சிரிக்கிறானோ.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே ‘பரவாயில்லை, நீங்கள் வேலையைப் பாருங்கோ’ என்று சொல்லிவிடும். வட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் சபையில் இருந்தபடி மேசைக்குக் கீழே பார்ப்பீர்கள். இதை அப்படிப் பார்க்க வேண்டாம். அறைக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசியுங்கள்.

இந்தப் பாராளுமன்றம் கூடிய நாளில் இருந்து எங்கள் வீட்டு நாட்காட்டி எங்களுடையதாக இல்லை. உங்கள் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையில் இருப்பது ஒரு கைப்பிடி ஆசனங்கள். அதிலும் உங்கள் ஆட்களில் சிலர் அரசாங்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்த உங்கள் கட்சிக்காரர் ஊன்றுகோலோடு வந்து ஆதரவுக்கான நீல அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வாசலில் நின்ற அம்புலன்சில் திரும்பிப் போனதை நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். அப்போது எனக்கு அவரைவிட அவருடைய மனைவிதான் நினைவுக்கு வந்தார்.

ஒருவரால் வரவே முடியாது என்றால் எதிர்க்கட்சியில் ஒருவர் தானும் வெளியே நின்று கணக்கைச் சமப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உங்களிடம் உண்டு. உங்களுக்கு இணையாகக் குறிக்கப்பட்டவர் ஹனோவர்த் தொகுதியின் ஆனெக்ரெட் ஹோல்ட்காம்ப் அம்மையார். முதலில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நீங்கள் திடீரென்று வீட்டு வாசலில் நின்றீர்களே, அன்று வரைக்கும். எனக்கு எவ்வளவு சந்தோசம். இறால் இருந்தது, உடனே குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சொன்னீர்கள், அந்த அம்மையாரின் தாயார் இறந்துவிட்டார், அதனால் நீங்களும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று என்று. பிறகு பல்கனிக்குப் போய் அவரோடு வெகுநேரம் கதைத்தீர்கள். நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அவர் வராவிட்டால்தான் நீங்கள் எனக்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆரணி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். சபை நடக்கும் நாட்களில் நான் மருந்துக்கடையில் இருந்து வந்த உடனே தொலைக்காட்சியைப் போடுவேன். கமெரா உங்கள் பக்கம் திரும்பும்போது நான் உங்களைப் பார்ப்பதில்லை, அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுகிறேன். போன கிழமை அவள் பின்னால் வந்து நின்று, “அவவுக்கு அறுபது வயசு அம்மா, தலை முழுக்க வெள்ளை. உங்களுக்கென்ன விசரே?” என்று கேட்டாள். என்ன சொல்வது? அவர் இளமையாய், வடிவாய் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், நீங்களும் சத்தியம் செய்திருப்பீர்கள். நீங்கள் எனக்குத் துரோகம் செய்வதாக நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இது வேறு.

வெள்ளிக்கிழமைகளில் பேர்லினில் இருந்து இருவரும் ஒரே ரயிலில் வருகிறீர்கள். அவர் ஹனோவரில் இறங்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் எனக்கு உங்கள் செய்தி வரும்: ‘ஹனோவர் தாண்டிவிட்டது.’ ஒவ்வொரு முறையும் இதே இரண்டு சொல். அதுவரை நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், சும்மா, சட்டம், அரசியல் என்பீர்கள். பீலெஃபெல்ட்டில் இறங்கும்போது கதை எல்லாம் முடிந்து களைத்த ஆள்தான் எனக்குக் கிடைக்கிறது.

நான் கட்டித் தந்த பயற்றம் உருண்டையை அவர் விரும்பிச் சாப்பிட்டார் என்று சொன்னீர்கள். அடுத்த கிழமை முறுக்கு மாவில் மிளகாய்த் தூளைக் கை நிறையப் போட்டேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான். நீங்கள் இருமிக்கொண்டு வந்து, ஆனெக்ரெட் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டதாகச் சொன்னீர்கள். அந்த மனிசியோடு என்ன செய்ய?

வைகாசியில் இந்தச் சட்டம் முதல் தடவை சபைக்கு வந்தபோது நீங்கள் பேசினீர்கள். பிரிந்திருக்கும் கணவன் மனைவியின் விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டு, கொழும்பில் வாடகை அறையில் இருந்து ஜேர்மன் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் புதிதாய்ப் படித்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுவாள், ‘அதைக் கேட்டுவிட்டு நான் குளியலறைக்குள் போய் அழுவேன்’ என்றீர்கள். அந்தப் பெண்ணான நான் இங்கே சோபாவில் இருந்து கேட்டேன். நீங்கள் அழுதது எனக்குத் தெரியாதே. உச்சரிப்பைத் திருத்துவீர்கள், தொலைபேசி கார்ட் முடியப் போகிறது என்று வைத்துவிடுவீர்கள், அதுதான் எனக்குத் தெரியும். பேச்சு முடிந்ததும் ஹோல்ட்காம்ப் தன் இடத்தில் இருந்து எழும்பி வந்து உங்கள் கையைப் பிடித்தார். எதிர்த்து வாக்களிக்கப் போகிறவர். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கதையை அவர் முன்பே கேட்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது. எந்த ரயிலில் என்றுதான் தெரியாது.

இனி, எழுத வந்த விசயம்.

நேற்று மத்தியானம், நீங்கள் ரயிலில் இருந்த நேரம், வீட்டுத் தொலைபேசிக்கு அவர் எடுத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். வெள்ளிக்கிழமை எனக்குக் கர்ப்பப்பையில் சத்திரசிகிச்சை என்று உங்களிடம் இருந்து அறிந்ததாகச் சொன்னார். அத்தான், என் சொந்தத் தங்கைக்கே நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு கட்சி மேலாளர்களும் இந்த வாக்கெடுப்புக்கு ஒருவரையும் விடுவதில்லை என்று இறுக்கமாக நிற்கிறார்கள், மனைவியின் சத்திரசிகிச்சை அவர்களுக்கு ஒரு காரணமே இல்லை, நீங்கள் கேட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றுத் திரும்பினீர்கள் என்றார். எனக்கு நீங்கள் சொன்னது ‘ஏலாதாம்’ என்ற ஒரு சொல்தான். ஆகவே தான் ஒருவருக்கும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை வீட்டில் நின்றுவிடுவதாகவும், நீங்களும் இங்கே நின்றால் கணக்கு மாறாது என்றும், உங்களிடம் சொன்னால் வெட்கப்பட்டு மறுத்துவிடுவீர்கள், அதனால் என்னிடம் கேட்பதாகவும் சொன்னார்.

தன் கட்சிக்குள் அவர் எவ்வளவு பேச்சு வாங்க வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்களை எனக்கு அவர் தருகிறார் என்பது மட்டும்தான் அந்த நேரம் என் காதில் விழுந்தது. வைத்தியருக்குச் சுகமில்லை, சத்திரசிகிச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போய்விட்டது என்று நல்ல சுத்தமான ஜேர்மனில் பொய் சொன்னேன். அவர் நல்லது என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமை சபையில் உங்களைக் காண்பதாகச் சொல்லி வைத்தார்.

அன்று பின்னேரமே உங்கள் செய்தி வந்தது: ‘தள்ளிப் போட்டிட்டாங்களாமே, ஆனெக்ரெட் சொன்னா. நல்லதாய்ப் போச்சு.’ நான் ‘ஓம்’ என்று அனுப்பினேன். நல்லதாய்ப் போச்சு என்ற அந்தச் சொல்லோடு நேற்றில் இருந்து வீட்டுக்குள் நடக்கிறேன்.

தள்ளிப் போடவில்லை, அத்தான். வெள்ளிக்கிழமை காலை என்னை உள்ளே எடுக்கிறார்கள். கட்டிகள் அனேகமாகப் பயப்படும்படியானவை அல்ல என்று வைத்தியர் சொல்கிறார், ஆனால் வெளியே எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாமாம். ஆரணி பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என்னோடு வருகிறேன் என்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

சும்மா கிளம்பி வாருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் சொன்ன பொய்யை நம்பி அவர் வெள்ளிக்கிழமை சபைக்கு வருவார், எதிர்த்துச் சிவப்பு அட்டையைப் போடுவார். நீங்கள் இங்கே என் கட்டில் பக்கத்தில் இருந்தால் சட்டம் ஒரு வாக்கால் விழும். மேலே மாடத்தில் நிசாந் புதுச் சேர்ட்டோடு இருப்பான். கொழும்பு அறையில் கிடந்த நான் தேனுஜாவுக்கு அதைச் செய்யமாட்டேன். அப்படியென்றால் நீங்கள் வராமல் அங்கேயே நில்லுங்கள் என்றுதான் நேற்று இரவு முழுக்க எனக்கு நானே சொன்னேன். அதை எழுதவும் தொடங்கினேன். கை போகவில்லை.

நீங்கள் அவரிடம் கேளுங்கள். சுஜானி பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும். ஆனால் நீங்கள் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதுதான் எரிகிறது. நீங்கள் இங்கே வந்த பிறகு அவர் மனம் மாறி வாக்களித்துவிடுவாரோ என்றும் யோசித்துப் பார்த்தேன். செய்யமாட்டார். நான் ஒருநாளும் நேரில் காணாத பெண். அவரை இவ்வளவு நம்புகிறேன் என்றால் அது நீங்கள் அவரை நம்புவதைப் பார்த்துத்தான். எனக்கு நோகிற இடமும் அதுவேதான்.

அவர் ஓம் என்றால் வியாழக்கிழமை பின்னேரம் இருவரும் புறப்படுவீர்கள். அதே ரயில், எதிரெதிர் இருக்கை. அதற்கும் நான் சம்மதம். நிசாந்திடம் ஒரு டப்பா தந்துவிடுகிறேன், பயற்றம் உருண்டை இருக்கிறது. அவருக்கும் கொடுங்கள். இந்த முறை ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஆஸ்பத்திரிப் பை வாசலில் இருக்கிறது. உங்கள் பழைய சாம்பல் நிற சுவெட்டரையும் அதற்குள் வைத்திருக்கிறேன், அங்கே குளிரும் என்று சொன்னார்கள். அவர் முடியாது என்றால் என்னை நினைத்து மனம் குழம்பாமல் உங்கள் அட்டையைப் போட்டுவிட்டு வாருங்கள். கோபிக்கமாட்டேன். நிசாந்தின் பிள்ளையை இங்கே வைத்துத் தூக்க வேண்டும், அதற்காகவாவது எழும்பி வந்துவிடுவேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லூரான் உங்களுக்குத் துணையிருப்பான், அந்த அம்மாவுக்கும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை நீங்கள் ரயிலில் இருந்தால், ஹனோவர் வருவதற்கு முன்னால், அவர் எதிரில் இருக்கும்போதே, எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். என்ன எழுதினாலும் சரி.

உங்கள் அன்பு மனைவி,
சுஜானி